ஏழாவது ஆள்

— முட்டி வலி ஏதாவது உண்டாம்மா உங்களுக்கு?

— இருக்கு தலைவரே. லிஃப்ட் இல்லாத வீடு எங்களுது, மூணாவது மாடி. பாதி ஏறினதுமே கைப்பிடியைப் புடிச்சுட்டு நின்னுடுவா. தினமும் பாக்கறேனே.

— நான் அம்மாவைக் கேட்டேன் சார்.

— அவ சொல்ல மாட்டா, அதான் நான் சொல்றேன். காட்டுக்குள்ள போய் முட்டி புடிச்சுக்கிச்சுன்னா நீங்கதானே தூக்கிட்டு வரணும்? முன்னாடியே சொல்லிட்டா நல்லது பாருங்க.

— எனக்கு முட்டி வலி கிடையாது. மருந்துக்கடையில காலையிலேர்ந்து கடை மூடற வரைக்கும் நின்னுட்டே வேலை பாக்கறவ நான். ரெண்டு கையிலயும் பை வெச்சுட்டு ஏறினா யாரா இருந்தாலும் நடுவுல ஒரு நிமிஷம் நிப்பாங்க. இதுக்குப் பேரு முட்டி வலியா?

— சரிம்மா. மூச்சு இழுப்பு?

— குளிர்காலத்துல அவளுக்கு லேசா...

— சார்.

— சரி சரி. நான் வாயைத் திறக்கல. நீங்களே கேளுங்க.

— மூச்சு இழுப்பு இல்லை. பிரஷர் இல்லை. சுகர் இல்லை. போன மாசம் நானே ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். ரிப்போர்ட் பையிலதான் இருக்கு, வேணும்னா எடுத்துக் காட்டறேன்.

— ரிப்போர்ட் எல்லாம் வேண்டாம். நீங்க சொன்னா போதும், அவ்ளோதான் விஷயம். அந்த பெஞ்சுல உக்காருங்க. இல்ல, அந்த ஓரம் வேண்டாம், மேல தகரம் ஓட்டை, ஒழுகும். இப்படி வாங்க. இந்த பூட்ஸைப் போட்டுப் பாருங்க. சாக்ஸ் ரெண்டு போடணும். உள்ள மெல்லிசு, வெளிய கெட்டி.

— இது என்ன, முட்டி வரைக்கும் இருக்கு? துணிப்பை மாதிரி?

— அது அட்டைக்கு. கெட்டித் துணி, கடிச்சாலும் பல்லு இறங்காது. மேல கயித்தை இறுக்கிக் கட்டிக்கணும். இந்த மழைக்கு நாளைக்குக் காலை வெச்ச இடமெல்லாம் அட்டைதான்.

— கேட்டியாம்மா? அட்டை. நம்ம வீட்டுல ஒரு கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி நிக்கறவ நீ.

— கரப்பான்பூச்சிக்கு நான் ஏறினேன். ஏறினேன்தான். இப்ப என்னங்க அதுக்கு?

— இல்ல, சொன்னேன்.

— எந்திரிச்சு நில்லுங்கம்மா. முன்னாடி விரல் இடிக்குதா?

— இடிக்கும், புது பூட்ஸ் வேற...

— சார், உங்க கால் அதுக்குள்ள இல்லையே.

— இடிக்கலை. கொஞ்சம் இடம் இருக்கு.

— அந்த இடம் இருக்கணும். இறக்கத்துல மொத்த உடம்பும் விரல் மேலதான் வரும். இடம் இல்லைன்னா நகம் பேந்துடும். லேஸ் நல்லா இறுக்கிக் கட்டுங்க. இது பழைய லேஸ், வழுக்கி வழுக்கி அவிழும், ரெண்டு முடிச்சு போடுங்க. பையைக் குடுங்க, எடை பார்த்துடலாம்.

— இந்தாங்க.

— இந்தப் பை...

— ஆமா. என் தம்பியோடதுதான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னு தெரியும்.

— ஏம்மா, வேற பை எங்க வெச்சிருக்கே? நான் பச்சைப் பையில்ல எடுத்து வெச்சேன்? வீட்டுலேர்ந்து கிளம்பும்போது பச்சைப் பைதானே இருந்துச்சு?

— பச்சைப் பைக்குள்ள இதை மடிச்சு வெச்சிருந்தேன். லாட்ஜுல மாத்திக்கிட்டேன். நீங்க பார்த்தா ரகளை பண்ணுவீங்கன்னு தெரியும்.

— நான் எங்க ரகளை பண்றேன்? அதைப் பார்க்கவே முடியல, அதனால சொல்றேன். தலைவரே, உங்ககிட்ட வாடகைக்குப் பை இருக்குமே?

— இருக்கு. தரேன்மா. அது நல்ல பையும்கூட. இதுல இடுப்பு வார் அறுந்து தைச்சிருக்கு.

— நான்தான் தைச்சேன். நாலு தடவை சோப்புல ஊறப்போட்டுத் துவைச்சேன். சேறு போயிடுச்சு. இந்த ஓரத்துல இருக்கிற கறை மட்டும் போகல. பரவாயில்லை. அவன் போன வழியில அவன் பைதான் வரணும். எடை பாருங்க.

— சரி. தராசுல மாட்டறேன். கொஞ்சம் கனம்தான். என்ன வெச்சிருக்கீங்க உள்ள?

— மருந்து. கட்டுத்துணி. எலும்பு உடைஞ்சா வெச்சுக் கட்டற பட்டை. வலிக்கு ஊசி.

— ஏம்மா, யாருக்கு ஊசி? யாருக்குக் கால் உடையப்போவுது இப்ப?

— யாருக்கும் உடைய வேண்டாம். ஆனா இருக்கட்டும். போன தடவை இருக்கல.

— பாத்தீங்களா தலைவரே, ஒரு வருஷமா இப்படித்தான். நல்லா பேசிட்டே இருப்பா, திடீர்னு இப்படி ஒண்ணு சொல்லுவா. இவளை இந்த மழையில மேல கூட்டிட்டுப் போகணுமா, நீங்களே சொல்லுங்க. நாளைக்கும் மழைன்னு டீக்கடையில சொன்னாங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாமே. உங்களுக்கும் ரிஸ்க். மறுபடி ஏதாவது ஆச்சுன்னா உங்க பெர்மிட்டை நிரந்தரமாவே தூக்கிடுவாங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— உங்க ஷோரூம்ல வண்டி விக்கற மாதிரி பேசாதீங்க. அவர் வரலைன்னா நான் வேற ஆளைப் புடிச்சுட்டுப் போவேன். யாரும் இல்லைன்னா தனியா போவேன்.

— மழை ஒண்ணும் பெருசு இல்ல சார். ஆத்துல தண்ணி ஏறினா நானே திருப்பிடுவேன். முதல் நாள் ஏத்தம் மட்டும்தான். ராத்திரி கூடாரம். மறுநாள் மத்தியானம் அந்த மேடு வந்துடும்.

— எந்த மேடு?

— நீங்க கேட்ட இடம்தாம்மா.

— அங்கேர்ந்து அவன் கிடந்த பள்ளத்துக்கு இறங்க முடியுமா?

— கயிறு கட்டித்தான் இறங்கணும். நான் இறக்கி விடறேன். நீங்க சொல்றப்போ மேல ஏத்திக்கறேன்.

— சரி.

— சரின்னு எவ்ளோ சாதாரணமா சொல்றே. அங்க போய் என்னம்மா பண்ணப்போறே? அவன் அங்க இல்ல. வீட்டுல உங்க அம்மா நீ எப்ப வருவேன்னு உக்காந்துட்டு இருக்காங்க.

— எனக்குப் பாக்கணும். எங்கேர்ந்து விழுந்தான், எங்க கிடந்தான், அங்கேர்ந்து அவன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சிருக்கும். பாத்துட்டு வந்துடறேன். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்.

— அம்மா, ஒண்ணு கேக்கலாமா? கைடுங்க இத்தனை பேர் இருக்காங்க இந்த ஊர்ல. என்னை ஏன் கேட்டீங்க?

— உங்க பெர்மிட்டைப் புடுங்க வெச்சது நான்தான். தெரியுமா உங்களுக்கு?

— தெரியும்.

— ஆபீஸுக்குப் போய் அழுது, கத்தி, மேல இருக்கிற அதிகாரி வீட்டு வாசல்ல போய் உக்காந்து... எல்லாம் நான்தான். அப்படியும் ஒரு சீசனுக்குத்தான் புடுங்கினாங்க. எனக்கு ஆறவே இல்லை.

— தெரியும்மா. அந்த சீசன் பூரா நான் சிமெண்ட் மூட்டை இறக்கினேன். முதுகு இன்னும் சரியாகல.

— தெரிஞ்சுமா என்னைக் கூட்டிட்டுப் போறேன்னீங்க?

— தெரிஞ்சுதான் வரேன்னேன்.

— விடுங்க, பழசை எல்லாம் இப்ப எதுக்குக் கிளறிட்டு? தலைவரே, அந்தத் தண்ணி பாட்டில் எத்தனை எடுக்கணும், அதைச் சொல்லுங்க.

— இருங்க. நான் கேக்க வேண்டியதைக் கேட்டுடறேன். உங்களை ஏன் கேட்டேன்னா, உங்க வாயால கேக்கணும். ஆபீஸ்ல நீங்க சொன்னதைப் படிச்சுக் காட்டினாங்க. அது எனக்குப் பத்தலை. ஏழு பேரைக் கூட்டிட்டுப் போனீங்க. ஒருத்தன் குறையறான். எப்படிங்க தெரியாம போகும்? ஆடு மேய்க்கறவங்களுக்குக்கூட ஒண்ணு குறைஞ்சா தெரியுமே.

— எண்ணினேன்மா.

— எண்ணினா எப்படிக் குறையும்?

— சொல்றேன். அந்தப் பக்கம் மேல மூடுபனி இறங்கினா கை நீட்டினா கை தெரியாது. கண்ணு ஏமாத்தும். மரம் ஆள் மாதிரி நிக்கும், ஆள் மரம் மாதிரி நிப்பாங்க. அதனால நான் கண்ணால எண்ண மாட்டேன், குரலாலதான் எண்ணுவேன். கிளம்பும்போதே ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துடுவேன். வழுக்கற இடம், ஆத்தைத் தாண்டற இடம், மேடு முடியற இடம், இங்கெல்லாம் நின்னு குரல் குடுப்பேன். முன்னாடி இருக்கறவர் ஒண்ணும்பார், அடுத்தவர் ரெண்டும்பார். அவங்கவங்க வாயால அவங்கவங்க நம்பர். கடைசி நம்பர் வந்துச்சுன்னா நடப்பேன். வரலைன்னா ஒருத்தர்கூட நகரக் கூடாது. இவ்ளோ வருஷமா இப்படித்தான். ஒரு ஆள் விட்டுப்போனதில்ல.

— அன்னிக்கு?

— சார்தான் ஆறு. உங்க தம்பி ஏழு. மேடு முடியற இடத்துல நின்னேன். மழை. குரல் குடுத்தேன். ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் வந்துச்சு. கொஞ்சம் தாமதம். அப்புறம் ஏழு வந்துச்சு. நடந்தேன். இருட்டினப்புறம் கூடாரத்துலதான் ஒரு ஆள் குறையறது தெரிஞ்சுது. அந்த மேட்டைத் தாண்டிட்டா அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் வராது. கத்தினாலும் வராது.

— விசில் அடிச்சாலும் வராதா?

— வராதும்மா.

— விசில் அவன் வாயிலயே இருந்துச்சாம். எடுக்க வரலையாம், பல்லால அவ்ளோ இறுக்கிக் கடிச்சிருந்தானாம். உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். எடுத்தது நான்தான்.

— போதும்மா. ப்ளீஸ். இங்க வேண்டாம்.

— எனக்குப் போதலை. கால் மட்டும்தாண்ணே உடைஞ்சிருந்துச்சு அவனுக்கு. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். மருந்துக்கடைப் பொண்ணு, தாங்குவான்னு நினைச்சாரோ என்னவோ. சாயந்திரமே தூக்கியிருந்தா இன்னிக்கு ஊன்றுகோல் வெச்சுட்டு வீட்டுல உக்காந்து டிவி பாத்துட்டு இருப்பானாம். ராத்திரி பூரா மழையில கிடந்து, குளிர்லதான் போயிருக்கான். ஒரு குரல் குறைஞ்சிருந்தா நீங்க திரும்பிப் போயிருப்பீங்கதானே?

— ஓடியிருப்பேன்மா.

— ஆனா நீங்க ஏழு கேட்டுச்சுங்கறீங்க.

— கேட்டுச்சு.

— இவர் அவனை ஒட்டி நடந்தவர். ஆறு சொன்னேன், அதுக்கப்புறம் எந்தக் குரலும் வரல, அதுக்குள்ள கைடு நடக்கச் சொல்லிட்டார்னு ஆபீஸ்ல சொன்னார். மத்தவங்க மழைச் சத்தத்துல சரியா கேக்கலைன்னுட்டாங்க. அப்ப நான் யாரை நம்பணும்?

— சாரைத்தான் நம்பணும். நான் குறை சொல்லல. என் வீட்டுக்காரியே என்னை நம்பல. நடந்த களைப்புல கேட்ட மாதிரி இருந்திருக்கும், ஒத்துக்கிட்டுப் போ, ரெண்டு வாய் சோறு நிம்மதியா சாப்பிடுன்னா. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. டவுன்ல காது டாக்டர்கிட்ட போனேன்மா. தலையில எதையோ மாட்டி உள்ள கீச்சு கீச்சுன்னு சத்தம் வெச்சாங்க. கேட்டா கையைத் தூக்கணும். எல்லாத்துக்கும் தூக்கினேன். காது பிரமாதமா இருக்கே, எதுக்குய்யா வந்தேன்னார். அவர்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?

— மழையில அப்படித்தான் தலைவரே. எதிரொலி வரும். உங்க மேல யாரும் வேணும்னு பழி சொல்லல. மனுஷன்னா தப்பு நடக்கும். அதெல்லாம் முடிஞ்சு போச்சு, பாத்துக்கலாம்.

— எதிரொலி ஆறுன்னா ஆறுன்னுதான் சார் வரும். ஏழுன்னு வருமா?

— எனக்கென்ன தெரியும்? நான் என்ன காட்டுல பொறந்தவனா?

— ஏன் சத்தம் போடறீங்க? அவர் சாதாரணமாத்தானே கேட்டார்?

— நான் சத்தம் போடல. மேல மழை பெய்யற வேகத்துல இப்படிப் பேசினாதான் கேக்குது.

— என் மேலயும் தப்பு இருக்கும்மா. அதை நான் மறைக்கல. அன்னிக்கு நான் திரும்பி நடந்து போய் ஒரு தடவை முகத்தைப் பார்த்திருக்கணும். குரல் வந்துச்சுன்னா ஆள் வந்தாச்சுன்னு ஒரு திமிர். இப்ப ரெண்டும் பண்றேன். முதல்ல குரல். அப்புறம் நானே கடைசி வரைக்கும் போய் ஒவ்வொருத்தர் தோளையும் தொட்டுட்டு வருவேன். இன்னொண்ணும் இருக்கு. காலையிலேர்ந்து உங்க தம்பி பின்தங்கிட்டே இருந்தான். ஒரு பூவைப் பார்த்தா நிப்பான், ஒரு குருவி கத்தினா நிப்பான். ரெண்டு மூணு தடவை எல்லாரையும் நிக்க வெச்சு அவனைக் கண்டபடி திட்டிட்டேன். இன்னொரு தடவை உன் குரல் நேரத்துக்கு வரலைன்னா இங்கேர்ந்தே உன்னைக் கீழ அனுப்பிடுவேன்னு சொன்னேன். நான் அவன்கிட்ட கடைசியா பேசினது அதான்.

— அவன் அப்படித்தாண்ணே. பொறந்ததே லேட்டுன்னு அம்மா சொல்லும். ஸ்கூல் பஸ்ஸை என்னிக்குமே அவன் ஓடித்தான் புடிப்பான். இவரும் அவனும் ஒரே காலேஜ். அங்கயும் இவர்தான் அவனைக் காப்பாத்துவார். எங்கடா போயிருந்தேன்னு அப்பா அவனைக் கேப்பார், லைப்ரரிப்பான்னு இவர் பதில் சொல்லுவார். சின்னவனுக்கு வாயே வேண்டாம், இவன் வாய் போதும்னு அப்பா சிரிப்பார். அப்படி வீட்டுக்கு வந்து போயித்தான் என்னையும் கட்டிக்கிட்டார்.

— எதுக்கும்மா இதெல்லாம் இப்ப? எடை பார்த்தாச்சு, பூட்ஸ் பார்த்தாச்சு. போய்ப் படுக்கலாம். விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணும்.

— போலாம். அண்ணே, ஒரு உதவி பண்ணுங்க.

— சொல்லுங்கம்மா.

— அன்னிக்கு எப்படி எண்ணினீங்களோ அதே மாதிரி இங்க ஒரு தடவை எண்ணிக் காட்டுங்க.

— இங்கயா?

— இங்கதான். மேல போனா என்னால தாங்க முடியுமோ என்னவோ. இங்க ஒரு தடவை கேட்டுக்கறேன். மழை இருக்கு. தகரத்துல இவ்ளோ சத்தம் இருக்கு. நீங்க வெளிய தாழ்வாரத்துல நில்லுங்க, கதவைச் சாத்திக்கலாம். உங்களுக்கு எங்களைத் தெரியக் கூடாது.

— என்ன விளையாட்டும்மா இது? சின்னப் பிள்ளைங்க மாதிரி. தலைவரே, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்.

— இல்ல சார். எப்படியும் ஒரு ஒத்திகை பாக்காம நான் யாரையும் கூட்டிட்டுப் போறதில்ல. அம்மா கேக்கறதும் சரிதான். எனக்கும் பாக்கணும், இந்த மழையில எனக்கு நிஜமாவே கேக்குதா இல்லையான்னு. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நானே சொல்லிடறேன். சார் அந்தப் பூட்ஸ் அலமாரி பக்கத்துல நில்லுங்க. அன்னிக்கு மாதிரியே நீங்க ஆறு.

— நான் எங்க நிக்கணும்?

— அவருக்குப் பின்னாடி. சுவரோரமா.

— நான் ஏழு.

— ஆமா. நீங்க ஏழு. இந்த விசிலையும் கழுத்துல மாட்டிக்கோங்க, நாளைக்கும் இதே விசில்தான். நான் குரல் குடுத்ததும் வரிசையா சொல்லிட்டே வரணும். அவங்கவங்க நம்பரை அவங்கவங்க. புரியுதா சார்?

— புரியுது புரியுது. சீக்கிரம் முடிங்க.

— கதவைச் சாத்தறேன். தயாரா? ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

— ஆறு.

— ஏழு.

— கேட்டுச்சும்மா. நல்லா கேட்டுச்சு. கதவைத் திறக்கட்டுமா?

— வேண்டாம்ணே. நான் கிட்ட நிக்கறேன், அதனால கேக்குது. தள்ளிப் போங்க. அந்தப் படிக்கட்டுக்குக் கீழ போய் நில்லுங்க. இன்னொரு தடவை.

— மழையில நனையப்போறார்ம்மா பாவம். எத்தனை தடவை பண்ணினாலும் இதேதானே?

— நனையட்டும். அன்னிக்கும் நனைஞ்சார். சின்னவனும் நனைஞ்சான்.

— இந்த மூலையில ஒரே இருட்டு வேற. எனக்குத் தலை வலிக்குது. இது முடிஞ்சதும் போயிடலாம், சரியா? மேலயும் போக வேண்டாம். நான் சொல்றதை ஒரு தடவை கேளேன். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

— இது முடியட்டும்.

— அம்மா, கீழ வந்துட்டேன். குரல் வருதா?

— வருதுண்ணே. ஒரு நிமிஷம் இருங்க, லேஸ் அவிழ்ந்துடுச்சு.

— என்ன சொன்னீங்க? சரி, ஆரம்பிக்கறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

— ஆறு.

— ஏழு.

— வந்துடுச்சு. கேட்டுச்சும்மா. இவ்ளோ மழையிலயும் தெளிவா கேட்டுச்சு. மேல வரேன். பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே, காதுல ஒண்ணும் இல்ல. ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்பத்தான் எனக்கு... என்னம்மா? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— நான் சொல்லலைண்ணே.

— என்ன?

— நான் ஏழு சொல்லல. கீழ குனிஞ்சு லேஸ் கட்டிட்டு இருந்தேன். விசில் கீழ தொங்கி முடிச்சுல மாட்டுதுன்னு பல்லுல கடிச்சுட்டு இருந்தேன். வாயே திறக்கல.

— அப்ப...

— அதுக்கு ஏம்மா முகத்தை அப்படி வெச்சிருக்கே? நீ குனிஞ்சிருந்தே. பக்கத்துலதானே இருக்கே. அவர் மழையில நனைஞ்சுட்டு நிக்கறாரேன்னு நான் சொன்னேன். பக்கத்துலதானே இருந்தே. இதுல என்ன இருக்கு?

— சார். அதை இன்னொரு தடவை சொல்லுங்க.

— எதை?

— ஏழுன்னு சொன்னீங்களே, அதை. ஆறை உங்க குரல்ல சொன்னீங்க. ஏழை வேற மாதிரி, கொஞ்சம் மேல தூக்கிச் சொன்னீங்க. அதை இன்னொரு தடவை சொல்லுங்க.

— அவளுக்காகச் சொன்னேன்யா. பொம்பளைக் குரல் மாதிரி இருக்கட்டுமேன்னு. வாயில வந்துச்சு, சொன்னேன். என்ன கோர்ட்டா இது?

— வேண்டாம்ணே. நீங்க அவரைக் கேக்காதீங்க. உங்க காதுல ஒண்ணும் இல்லை. என்னிக்குமே இல்லை. நான் உங்களை என்னென்னவோ... நீங்க கொஞ்சம் உக்காருங்க.

— எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. நீங்க உக்காருங்க.

— என்னங்க. இங்க பாருங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. அவன் பூட்ஸை ஆபீஸ்ல என்கிட்ட குடுத்தாங்க. ஒரு கால்ல லேஸ் இறுக்கிக் கட்டியிருந்துச்சு, ரெண்டு முடிச்சு. இன்னொரு கால்ல பாதிதான் இழுத்திருந்துச்சு. இது ஏன் இப்படின்னு ஒரு வருஷமா உங்களைக் கேட்டுட்டே இருந்தேன். தெரியாதுன்னீங்க. விழும்போது அவிழ்ந்திருக்கும்னீங்க. என் தலையைத் தடவிக் குடுத்துச் சொன்னீங்க.

— அம்மா, வேண்டாம்மா. வா, போயிடலாம்.

— அன்னிக்கு அவனும் குனிஞ்சு லேஸ்தான் கட்டிட்டு இருந்தானா?

— பையை இப்படிக் குடு, நான் தூக்கிக்கறேன்.

— கேக்கறேன் இல்ல. எல்லாருக்கும் பதில் சொல்லுவீங்களே. எனக்குச் சொல்லுங்க.

— மறுபடி திட்டு வாங்க முடியாது, என் நம்பரையும் சேர்த்து நீயே சொல்லிடு மாமா, கட்டிட்டு ஒரே ஓட்டத்துல வந்துடறேன்னான்மா.